கடைசி வாரத்தில் ஒட்டிக்கொள்ளலாமா? பல துறை ஆட்கள் சேர்ந்து செய்யும் குரூப் ப்ராஜெக்ட்

கேள்வி, ஜனவரி 18

எங்கள் குழுவில் ஆறு பேர். கதை எழுத ஒருவர், படம் வரைய இரண்டு பேர், அனிமேஷனுக்கு ஒருவர், இசைக்கும் ஒலிக்கும் சேர்த்து ஒருவர், நிரல் எழுத நான். பருவம் முடிவதற்குள் பத்து நிமிடம் ஓடுகிற ஒரு சின்ன வீடியோ கேம் செய்து கொடுக்க வேண்டும். ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக்கொண்டு அவரவர் பாட்டுக்குச் செய்து, கடைசி வாரம் எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளலாம் என்று திட்டம். ஒருவர் துறையில் இன்னொருவர் மூக்கை நுழைக்காமல் இருந்தால் சண்டையும் வராது. இதில் ஏதாவது ஓட்டை இருக்கிறதா?

ஜனவரி 18, இரவு

திட்டமே ஓட்டைதான்.

கடைசி வாரம் ஒட்டிக்கொள்ளலாம் என்ற யோசனையை முதலில் சொன்னது யார் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். அநேகமாகக் கதைக்காரராக இருப்பார், இல்லாவிட்டால் படம் வரைபவர். அவர்களுக்கு முன்னால் வரிசையில் யாரும் இல்லை, அதனால் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. கதை நான்கு நாள் தள்ளிப்போனால் படம் ஒரு வாரம் தள்ளும், படம் தள்ளினால் அனிமேஷன் தள்ளும், சப்மிஷன் தேதி மட்டும் இம்மியும் நகராது. முன்னால் இருப்பவர்கள் தாராளமாக எடுத்துக்கொண்ட நாட்களையெல்லாம் வால் பக்கம் இருக்கிற ஒலிக்காரரும் நிரல் எழுதுபவரும் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். நான் படிக்கும்போது எந்தக் குழுவில் சேர்ந்தாலும் ஒலிக்காரன்தான். படம் என் கைக்கு வரும்போது மற்றவர்கள் "அப்பாடா, முடிந்தது" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

எனவே வரிசையில் கடைசி ஆளை முதல் வாரமே வேலைக்கு இழுங்கள். முதல் வார முடிவில் உங்கள் கேம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓட வேண்டும். அசிங்கமாக ஓடட்டும். பாத்திரங்களுக்குப் பதில் கலர் கலராகச் சதுரங்கள், வசனத்துக்கு உங்கள் குரலிலேயே போனில் பதிந்த ஒலி, இசைக்கு யாராவது முனகியது, பின்னணிக்குச் சாம்பல் நிறம். மற்றவர்கள் தரப்போவது எந்த அளவில், எந்த நீளத்தில், எங்கே போய் உட்காரும் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். பிறகு வாராவாரம் ஒரு சதுரத்தை எடுத்துவிட்டு ஒரு நல்ல படத்தை வையுங்கள். ஒட்டுகிற வேலை என்று தனியாக ஒன்று வராது.

மூக்கை நுழைக்காமல் இருந்தால் சண்டை வராது என்கிறீர்கள். வரும், கடைசி வாரத்தில் மொத்தமாக வரும்.

ஜனவரி 19

படம் வரைபவர்கள் அரைகுறையாகக் காட்டச் சம்மதிக்க மாட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான். எழுதுகிறவர் கோர்வையில்லாத வரைவைக் கொடுப்பார், நிரல் எழுதுபவர் உடைந்ததைக் கொடுத்துவிட்டுச் சிரிப்பார், வரைபவர் மட்டும் கோட்டுப்படத்தைக் கையால் மறைத்துக்கொண்டே காட்டுவார். காரணம் இருக்கிறது. வசனம் அரைகுறையாக இருந்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. படம் அரைகுறையாக இருந்தால் தெருவில் போகிறவரும் "கை என்ன இப்படி இருக்கிறது" என்று கேட்பார்.

ஒரு குழுவில் நாங்கள் இப்படி வைத்துக்கொண்டோம்: காட்டுகிறவர் காட்டுவதற்கு முன்பே எதைப் பற்றிக் கருத்து வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். "பாத்திரம் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் பாருங்கள், கை கால் இன்னும் வரையவில்லை." அதைத் தாண்டி யார் வாயைத் திறந்தாலும் மற்றவர்கள் அடக்குவார்கள். ஆரம்பத்தில் நாடகம் மாதிரி இருந்தது, போகப் போகப் பழகிவிட்டது.

ஜனவரி 21

குறும்படம் எடுக்கிற குழு ஒன்று கீழே கேட்டிருக்கிறது. அவர்களுக்காகக் கொஞ்சம் நீளமாக. கேம் செய்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஆனாலும் படித்து வையுங்கள், டிரெய்லர் என்று ஒன்று செய்யாமல் இருக்கப்போவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குழு. ஏறக்குறைய பத்து நிமிடப் படம். எடிட்டிங் முடித்து ஒலிக்காரரிடம் கொடுத்தார்கள், அவர் அழகாக மிக்ஸ் செய்து திருப்பித் தந்தார். ஒன்றாக வைத்து ஓட்டினால் முதல் காட்சியில் உதடும் வசனமும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. நடுவில் ஏதோ உறுத்துகிறது, என்னவென்று சொல்ல முடியவில்லை. கடைசிக் காட்சியில் கதவு சாத்திய பிறகு சத்தம் வேறு நேரத்தில் வருகிறது. எடிட்டர் ஒலிக்காரரைச் சொல்ல, ஒலிக்காரர் எடிட்டரைச் சொல்ல, அன்று இரவு முழுக்க அதே பேச்சு. இருவர் வேலையிலும் குறை கிடையாது. ஒருவர் நொடிக்கு 24 ஃப்ரேம் (அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படங்கள்) என்று வைத்திருந்தார், மற்றவர் 23.976 என்று வைத்திருந்தார். வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். பத்து நிமிடத்தில் அது 0.6 நொடி, அதாவது சுமார் 14 ஃப்ரேம். இரண்டு ஃப்ரேம் நழுவினாலே உதட்டைப் பார்த்து உறுத்தலாகிவிடும், 14 என்றால் சொல்லவே வேண்டாம்.

இதே குடும்பத்தில் இன்னொரு வியாதி உண்டு. பாட்டு சிடிக்காகச் செய்த ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்து எண்ணாகச் சேமிக்கும் புள்ளிகள்), வீடியோவுக்கு வழக்கம் 48,000. பொதுவாக மென்பொருளே மாற்றிக்கொள்ளும். மாற்றாமல் அப்படியே 48,000 என்று எண்ணி ஓட்டிவிட்டால் எல்லாம் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் வேகமாகப் போகும், சுருதியும் ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும். பேசியவருக்கே தன் குரல் இல்லை என்று தோன்றும்.

இதற்கெல்லாம் ஒரு பக்கக் காகிதம் போதும். படப்பிடிப்புக்கு முன்பே எல்லோரும் உட்கார்ந்து எழுத வேண்டும்: நொடிக்கு எத்தனை ஃப்ரேம், படத்தின் அளவு என்ன, ஒலி 48,000 ஹெர்ட்ஸா, ஃபைல் எந்த வடிவத்தில் கைமாறும், எந்தத் தேதிக்கு மேல் எடிட்டிங்கைத் தொடக்கூடாது. கடைசியாகச் சொன்னதை எடிட்டர்கள் வெறுப்பார்கள். ஒலிக்காரர் வேலை தொடங்கிய பிறகு நடுவில் அரை நொடியை வெட்டினால், அதற்குப் பின்னால் இருக்கிற ஒவ்வொரு காலடிச் சத்தத்தையும் அவர் திரும்ப நகர்த்த வேண்டும். எடிட்டருக்கு அது ஒரு கிளிக். இந்தக் கணக்கை எடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் அவர் கை தானாகவே தயங்கும்.

டூ-பாப் என்று ஒன்று இருக்கிறது, தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். படம் தொடங்குவதற்குச் சரியாக இரண்டு நொடி முன்னால் ஒரே ஒரு ஃப்ரேம் நீளத்துக்கு ஒரு "பீப்", அதே ஃப்ரேமில் திரையிலும் ஓர் அடையாளம். 24 ஃப்ரேம் என்றால் முதல் படத்துக்கு 48 ஃப்ரேம் முன்னால். ஒலி திரும்பி வந்ததும் இந்த பீப்பை அந்த அடையாளத்தோடு பொருத்தினால் வேலை முடிந்தது. படத்தின் முடிவிலும் ஒன்று வைத்தால், நழுவல் இருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். மேலே சொன்ன குழு வைத்திருந்தால் அன்று தூங்கியிருப்பார்கள்.

ஜனவரி 22

"ஃபைனல்", "ஃபைனல்_புதுசு", "ஃபைனல்_இதுதான்", "ஃபைனல்_இதுதான்_சாமி_சத்தியமா". நான்காவதுக்கு அப்புறம் ஐந்தாவது ஒன்று வந்தது, அதன் பெயரை இங்கே எழுத முடியாது. ஃபைல் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியைப் போடுங்கள். கம்ப்யூட்டரே வரிசைப்படுத்திக் கொடுக்கும்.

ஜனவரி 24

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். இசை போடுபவர் கொடுத்த எதுவும் கதைக்காரருக்குப் பிடிக்கவில்லையாம். "இது நன்றாக இருக்கிறது, ஆனால் இது இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

ஒன்று கேட்கிறேன். கதைக்காரர் இதற்கு முன்னால் ஏதாவது ஒரு சினிமாப் பின்னணி இசையை அந்தக் காட்சிக்கு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாரா? வைத்திருந்தால் அதுதான் நோய். தற்காலிகமாக என்று ஓர் இசையைப் போட்டு இருபது தடவை பார்த்துவிட்டால் மூளை அதையே அந்தக் காட்சியின் பிறவிக்குணமாக எடுத்துக்கொள்ளும். பிறகு உங்கள் நண்பர் எதைக் கொடுத்தாலும் அதன் நிழலோடுதான் போட்டி போட வேண்டும், அந்த நிழலுக்குப் பின்னால் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவே இருக்கும். தற்காலிக இசை வேண்டாம் என்று சொல்லவில்லை, வேகம் புரிய அது உதவும். ஆனால் வாரத்துக்கு வாரம் மாற்றுங்கள், ஒன்றிலேயே காது பழகக் கூடாது.

இன்னொன்று. "சோகமா வேணும்", "இன்னும் கொஞ்சம் கனமா" என்று சொல்லி இசைக்காரரிடம் எதையும் வாங்க முடியாது. எந்த நொடியில் என்ன மாற வேண்டும் என்று சொல்லுங்கள். "கதவு திறக்கிறவரை ஆடுபவருக்கு ஆபத்து இருப்பது தெரியக் கூடாது, திறந்ததும் தெரிய வேண்டும்." இதற்கு அவர் ஐந்து வழி யோசிப்பார். "கனமா" என்றால் பாஸை (கனத்த அடிச் சத்தத்தை) கூட்டிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார், நானும் அதைத்தான் செய்வேன்.

அதே நாள், பிற்பகல்

"மெர்ஸ் கன்னிங்ஹாமும் ஜான் கேஜும் நடனத்தையும் இசையையும் தனித்தனியாகத்தானே செய்தார்கள், அரங்கேற்றத்தில்தானே இரண்டும் முதன்முதலில் சந்தித்தன, அப்படியிருக்க முதல் வாரமே ஒட்டு என்கிறீர்களே" என்று ஒருவர் மடக்கப் பார்க்கிறார். நல்ல மடக்கல்தான். (கன்னிங்ஹாம் நடன அமைப்பாளர், கேஜ் இசையமைப்பாளர்.) அவர்களுடைய பல படைப்புகளில் ஆடுபவர்கள் இசையை முதன்முதலில் கேட்டதே மேடையில்தான். ஆனால் எவ்வளவு நேரம் என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள், ஒத்திகையை ஸ்டாப்வாட்ச் வைத்து நடத்தினார்கள். இன்னொன்று, அவர்கள் இருவரும் சேர்ந்து நிகழ்ச்சி கொடுக்கத் தொடங்கியது 1944, கேஜ் இறந்தது 1992. உங்கள் குழு வாட்ஸ்அப்பில் தொடங்கி எத்தனை வாரம் ஆகிறது?

ஜனவரி 25

நேற்று எழுதியது கொஞ்சம் எகத்தாளமாக இருக்கிறது, ஆனால் ராத்திரி யோசித்தபோது அந்த ஆள் சொன்னதில் பாதி சரி என்று பட்டது. எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் சொல்வது போல ஆகிவிட்டது. அது வேண்டாம்.

நாங்கள் ஒருமுறை நடனம், திரையில் ஓடும் படம், நேரடி இசை மூன்றையும் சேர்த்து ஒரு நிகழ்ச்சி செய்தோம். ஆரம்பத்தில் தினமும் கூட்டம். நடனக்காரர்கள் படத்தைப் பற்றிப் பேசுவார்கள், படக்காரர்கள் இசையைப் பற்றி, இசைக்காரர்கள் எல்லாவற்றையும் பற்றி. ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. கடைசியில் ஒருத்தி எரிச்சலில் போர்டில் ஒரு நேர்கோடு போட்டாள். மொத்த நேரம், அதில் எங்கெங்கே பகுதி மாறுகிறது, எந்த இரண்டு இடங்களில் மட்டும் மூன்று பேரும் கட்டாயம் ஒரே நொடியில் சேர வேண்டும். அதற்கு நடுவில் அவரவர் இஷ்டம். அதன் பிறகு கூட்டமே தேவைப்படவில்லை, நிகழ்ச்சியும் நாங்கள் பேசிப் பேசித் திட்டமிட்டிருந்ததைவிட நன்றாக வந்தது. நடனத்தில் கை உயர்ந்த இடத்தில் திரையில் தற்செயலாக வெளிச்சம் அணைந்தது. எல்லோரும் அதைத்தான் பாராட்டினார்கள், நாங்களும் திட்டமிட்டுச் செய்ததாகவே தலையாட்டினோம்.

ஆக, முதல் வாரம் ஓட வேண்டியது என்று நான் சொன்ன அந்த அசிங்கமான வடிவம் இந்த நேர்கோட்டைப் போலத்தான். எலும்புக்கூடு பொது, சதை அவரவருடையது.

கூட்டம் ஏன் வேலையைத் தின்கிறது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. நான்கு பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேச 6 ஜோடிகள். ஆறு பேர் என்றால் 15. எட்டு பேர் என்றால் 28. எல்லோரும் எல்லோருடனும் ஒத்துப்போவது என்று வைத்தால் அதற்கே நாள் போய்விடும். 1966-இல் நியூயார்க்கில் 9 ஈவ்னிங்ஸ் என்று ஒரு நிகழ்ச்சித் தொடர் நடந்தது. பத்துக் கலைஞர்களும் பெல் தொலைபேசி ஆய்வகத்திலிருந்து சுமார் முப்பது பொறியாளர்களும் சேர்ந்து செய்தது. ஓவியர் ராபர்ட் ராஷன்பெர்க், பொறியாளர் பில்லி க்ளூவர் எல்லாம் அதில் இருந்தார்கள். மேடையில் கருவிகள் சொதப்பின என்று அப்போது நிறையத் திட்டு வாங்கியது. ஆனால் அதையொட்டி அவர்கள் தொடங்கிய அமைப்பு செய்த முக்கியமான வேலை ஒரு கலைஞருக்கு ஒரு பொறியாளரைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது. ஜோடி சேர்ப்பதுதான் சூட்சுமம் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

உங்கள் ஆறு பேரில் யார் யாருக்குக் கொடுக்கிறார்களோ அந்த ஜோடிகள் மட்டும் அடிக்கடி பேசட்டும். இசைக்காரரும் பின்னணி வரைபவரும் தினம் பேச வேண்டிய தேவையே இல்லை, சாப்பிடப் போகும்போது பேசிக்கொள்வார்கள்.

ஜனவரி 28

நிரல் எழுதும் நண்பருக்கு (கேள்வி கேட்டவர் நீங்கள்தானே): உங்களுக்குத் தெரியாமலேயே நீங்கள் குழுவின் குமாஸ்தா ஆகிக்கொண்டிருப்பீர்கள். "இந்தப் படத்தை உள்ளே போட்டுக் காட்டேன்", "அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து ஓட்டேன்" என்று வரிசை நிற்கும், உங்கள் சொந்த வேலைக்கு நேரம் இருக்காது.

வரைபவர் தானே ஒரு பிஎன்ஜி ஃபைலைக் குறிப்பிட்ட ஃபோல்டரில் போட்டு, ஒரு பட்டனைத் தட்டினால் கேமில் அது தெரிய வேண்டும். இசைக்காரருக்கும் அதே மாதிரி. இதைச் செய்து கொடுக்க உங்களுக்கு ஓரிரு நாள் போகும், சும்மா உட்கார்ந்து வேறு ஏதோ செய்வதாக மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை. நான் இருந்த ஒரு குழுவில் வரைந்த பெண் தன் படத்தைத் தானே ஓட்டிப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலேயே பின்னணியின் நிறத்தை மங்கலாக்கினாள், ஏனென்றால் அவளுடைய அழகான மரத்துக்கு முன்னால் பாத்திரம் தெரியவே இல்லை. இதையே நான் சொல்லியிருந்தால் ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்திருக்கும்.

கிட் (நிரலில் யார் எதை மாற்றினார் என்று கணக்கு வைக்கும் மென்பொருள்) பயன்படுத்துவீர்கள். 2005-இல் லினக்ஸ் நிரலைப் பராமரிக்கப் பிறந்தது அது, வரி வரியாக இருக்கும் எழுத்துதான் அதற்குப் புரியும். இருவர் ஒரே நிரலின் வேறு வேறு வரிகளை மாற்றினால் சேர்த்துக் கொடுத்துவிடும். இருவர் ஒரே ஃபோட்டோஷாப் ஃபைலை மாற்றினால் "எது வேண்டும், ஒன்றைத் தேர்ந்தெடு" என்று கைவிரித்துவிடும், மற்றவருடைய ராத்திரி வேலை போச்சு. கிட்டில் இருப்பதை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப் 100 எம்பிக்கு மேலே போகும் ஃபைலை வாங்கவும் வாங்காது. பெரிய ஃபைல்களுக்கு எல்எஃப்எஸ் என்ற நீட்சி இருக்கிறது, அதில் ஃபைலைப் பூட்டவும் முடியும். அதெல்லாம் தலைவலி என்றால் குழுவில் "மூன்றாம் காட்சி ஃபைல் என்னிடம் இருக்கிறது" என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள், முடிந்ததும் "விட்டேன்" என்று எழுதுங்கள். இரண்டு வார்த்தைதான். யாரும் எழுத மாட்டார்கள், ஒருமுறை அடிபடும்வரை.

ஜனவரி 29

தமிழில் வசனம் காட்டப்போகிறீர்களா? அப்படியானால் இன்றே சோதித்துவிடுங்கள், நாளைக்கு வேண்டாம்.

"கெ" என்று தட்டும்போது கம்ப்யூட்டர் முதலில் "க"வையும் பிறகுதான் கொம்பையும் சேமிக்கிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது எழுத்துகளைக் கோர்க்கும் மென்பொருளின் வேலை. அந்த வேலையைத் தெரியாத கேம் எஞ்சினில் கொம்பு பின்னால் வந்து நிற்கும், "கொ" என்றால் இன்னும் மோசம். கோடோ என்ற எஞ்சினில் 2023-இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து இது ஒழுங்காக வருகிறது. மற்றதில் நீங்களே போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். "கொக்கு", "தேவை", "கௌரவம்", "ஸ்ரீ" நான்கையும் போட்டுப் பாருங்கள். தேறிவிட்டால் பெரும்பாலும் எல்லாம் தேறும்.

நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், இது எந்தத் துறையின் வேலையிலும் சேராது. ஒரு குழுவில் எழுதியவர் வேர்டில் பார்த்தார், சரியாக இருந்தது. வடிவமைத்தவர் தன் மென்பொருளில் சரிசெய்துகொண்டார். நிரலில் போட்டவருக்குத் தமிழ் படிக்க வராது, அவர் கண்ணுக்கு அது எழுத்து மாதிரிதான் தெரிந்தது. டெமோ அன்று அரங்கமே சிரித்தது. உருக்கமான காட்சி அது.

பிப்ரவரி 2

வேலை செய்யாத ஆளைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லையே என்று நினைத்தேன், வந்துவிட்டது.

இதில் பழைய ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. ரிங்கல்மன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து 1913-இல் வெளியிட்டார்: கூட்டம் பெருகப் பெருக ஆளுக்கு இழுக்கும் பலம் குறைகிறது. 1979-இல் லடானே முதலிய உளவியலாளர்கள் கைதட்டவும் கத்தவும் வைத்துப் பார்த்தார்கள், அதிலும் அப்படித்தான். யார் எவ்வளவு செய்தார் என்பது தனியாகத் தெரியும்படி இருந்தால் இந்தச் சோம்பல் குறைகிறது என்பதும் பிறகு தெரிய வந்தது.

நம் மாதிரிக் குழுவில் அது ஏற்கெனவே தெரிகிறது. இசை இல்லையென்றால் யார் செய்யவில்லை என்று பட்டிமன்றம் தேவையில்லை. அதனால் பல துறை ஆட்கள் இருக்கிற குழுவில் ஒருவர் அமைதியாக இருந்தால் சோம்பல் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலும் எதற்காகவோ காத்திருப்பார், காத்திருக்கிறேன் என்று சொல்லக் கூச்சப்படுவார். எங்களில் ஒரு ஓவியர் வாரக்கணக்கில் பேச்சுமூச்சில்லை. ஆளைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டால், எந்தெந்த அறைகள் கதையில் வருகின்றன என்ற பட்டியலையே யாரும் அவரிடம் கொடுக்கவில்லை. கதைக்காரரோ ஓவியர் ஏதாவது வரைந்து காட்டினால் அதைப் பார்த்து அறைகளை முடிவு செய்யலாம் என்று உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவருக்காக ஒருவர் மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு முடிந்தது?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் "எண்பது சதவீதம்" என்பார்கள். "யாரிடமிருந்து என்ன வர வேண்டியிருக்கிறது?" என்று கேளுங்கள்.

நிஜமாகவே ஏமாற்றுகிற ஆள் இல்லாமல் இல்லை. அவரைப் பற்றி ஆசிரியரிடம் பாதி வழியிலேயே போய்ச் சொல்லுங்கள். கடைசி வாரம் போய்ச் சொன்னால் புகாராகத்தான் கேட்கும், ஆசிரியரால் செய்வதற்கும் ஒன்றும் இருக்காது.

பிப்ரவரி 3

இல்லை, ஆசிரியரிடம் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது. ஆமாம், அந்த ஆள் உங்கள் அறையிலேயே தங்கியிருந்தாலும்.

பிப்ரவரி 9

கேள்வி கேட்டவர் குழுவில் சதுரங்கள் வைத்து ஓட்டிப் பார்த்தார்களாம். இசைக்காரர் வயிறு வலிக்கச் சிரித்தாராம். அப்புறம் மூன்றாம் காட்சி தேவையே இல்லை என்று எல்லோருக்கும் பட்டதாம், தூக்கிவிட்டார்கள். இப்போது அனிமேட்டர் கோபமாக இருக்கிறார், அந்தக் காட்சிக்காக அவர் நிறைய யோசித்து வைத்திருந்தாராம்.

கோபப்படட்டும், நியாயம்தான். கொஞ்ச நேரம் கழித்து இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கையால் வரையும் அனிமேஷனில் நொடிக்கு 24 ஃப்ரேம், ஒரு படத்தை இரண்டு ஃப்ரேம் நிறுத்துவது வழக்கமான சிக்கனம், அப்படியும் நொடிக்கு 12 படம். மூன்றாம் காட்சி இருபது நொடி என்றால் 240 படம். எல்லாவற்றையும் வரைந்து முடித்த பிறகு இதே முடிவுக்கு வந்திருந்தால் யாரும் தூக்கவும் விட்டிருக்க மாட்டார்கள், உழைப்பு வீணாகிறதே என்று வைத்துக்கொண்டே மதிப்பெண்ணை இழந்திருப்பீர்கள்.

ஆனால் ஒன்று. தூக்குகிற முடிவை அவர் இல்லாத நேரத்தில் எடுத்தீர்களா? உங்கள் எழுத்தில் அப்படி ஒரு வாடை அடிக்கிறது. எடுத்திருந்தால் போய்ப் பேசுங்கள். கோபம் காட்சியைப் பற்றியதாகவே இருக்காது.

பிப்ரவரி 12

உரிமை, பெயர் போடுவது பற்றிக் கேட்டவருக்கு. இது போரடிக்கிற விஷயம், அதனால்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். இறுதியில் யார் பெயர் எப்படி வரும் என்பதை இப்போதே எழுதிவிடுங்கள். வேலை முடிந்த பிறகு எழுதினால் ஒவ்வொருவருக்கும் தன் பங்கு பெரிதாகத் தெரியும். தன் வேலையைத் தனியாகத் தன் போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா என்பதையும் எழுதுங்கள். இசைக்காரர் அந்தப் பாட்டைப் பிறகு வேறு எங்காவது கொடுக்கலாமா?

இணையத்தில் கிடைக்கிற "இலவச" இசையை எடுப்பவர்கள் கவனிக்க. படைப்பாளர் முன்கூட்டியே அனுமதி கொடுத்து வைக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் "மாற்றக்கூடாது" என்ற வகை ஒன்று உண்டு. நான் மாற்றவில்லையே, அப்படியே முழுப் பாட்டையும் படத்துக்குப் பின்னால் போட்டேன் என்பீர்கள். அசையும் படத்தோடு இசையைப் பொருத்துவதையே அந்த உரிமங்கள் மாற்றியமைத்தல் என்று கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஆக, அந்த வகைப் பாட்டை வீடியோவுக்குப் போடக் கூடாது.

இழுபறி வந்தால் யார் சொல்வது கடைசிச் சொல் என்றும் கேட்டிருந்தார். அவரவர் துறைக்குள் அவரவர் என்று எழுதப் போனேன், ஆனால் நிஜமான இழுபறிகள் எல்லாம் இரண்டு துறைகளுக்கு நடுவில்தான் வருகின்றன. வசனம் கேட்க வேண்டுமா, மழைச் சத்தம் கேட்க வேண்டுமா? அது ஒலிக்காரர் விஷயமா, கதைக்காரர் விஷயமா? இதற்கு ஒரே ஒரு ஆளை முன்கூட்டியே நியமியுங்கள். கதை எழுதியவராக இல்லாமல் இருந்தால் உத்தமம். எழுதியவருக்கு எல்லா வசனமும் தெரியும், அதனால் அவர் காதில் மழைக்குள்ளேயும் அது தெளிவாகவே விழும்.

பிப்ரவரி 20

அடுத்த வாரம் டெமோ என்கிறீர்கள். யாருடைய லேப்டாப்பில் ஓட்டப்போகிறீர்கள்? உங்களுடையது வேண்டாம், அதில் எல்லாம் ஓடும், எல்லாவற்றையும் அதில்தானே நிறுவி வைத்திருக்கிறீர்கள். குழுவில் யாரிடம் மிகப் பழைய லேப்டாப் இருக்கிறதோ அதில் இன்று ராத்திரியே ஓட்டிப் பாருங்கள். ஃபான்ட் காணாமல் போவது, ஒலி திக்குவது, ஃபைல் வழி உங்கள் டெஸ்க்டாப்பையே காட்டிக்கொண்டிருப்பது எல்லாம் அதில்தான் வெளியே வரும். முழு ஆட்டத்தையும் வீடியோவாகப் பதிந்து ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள், கேம் மக்கர் செய்தால் அதையாவது காட்டலாம்.

முடிந்தால் முந்தைய நாளே அந்த அறைக்குப் போய் ஒலிக்காரரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். ஹெட்போனில் மிக்ஸ் செய்திருப்பார், அங்கே மழை மட்டும்தான் கேட்கும். வால்யூமை யாரும் பாதியில் தொடக் கூடாது, தொட வேண்டுமென்றால் அவர் மட்டும். சார்ஜரை எடுத்துப் போங்கள்.